எழுதாமல் விட்ட வரி

காலையில் வந்து தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் எஞ்சினியர் இவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். ஆள் நெடுநெடுவென்று இருப்பார், பேச்சுதான் ரொம்பக் குட்டை. கூடுதலாக ஒரு வார்த்தை செலவு செய்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறவர் மாதிரி பேசுவார். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஒத்தை வார்த்தை' என்று பெயர். அவர் தன் கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, "போச்சு" என்றார்.

"என்ன போச்சு?"

"எல்லாம்."

இவள் போய்ப் பார்த்தாள். திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிவிட்டு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சேமிக்காமல் அவர் விட்டுப்போன வேலையைக் காணோம். திருடன் வரவில்லை, மின்சாரமும் போகவில்லை. இவள் எழுதிய கையேட்டில் ஒரு வரி இருந்தது: 'படம் எடுக்கும் முன் தேவையில்லாத விண்டோக்களை மூடிவிடவும்.' ராத்திரி அவர் கம்ப்யூட்டரில் சோதனைக்கு ஓடவிட்டிருந்த ஏ.ஐ. ஏஜென்ட் அதைப் படித்து அப்படியே செய்திருந்தது. தான் படம் எடுக்க வேண்டிய ஒரே ஒரு விண்டோவைத் தவிர மற்றதெல்லாம் அதற்குத் தேவையில்லாதவை. சேமிக்கட்டுமா வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கும். வேண்டாம் என்று அழுத்தியிருக்கும். அதே வரியை மனிதர்கள் பல வருஷமாகப் படித்துவருகிறார்கள். ஒருவராவது ஒரு விண்டோவை மூடியதாகச் சரித்திரம் இல்லை.

கையேடு எழுதுவதுதான் இவள் வேலை. கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடிக்கும் ஒரு கருவியை அந்தக் கம்பெனி செய்து விற்கிறது. முழுத் திரையையும் எடுக்கலாம், ஒரு விண்டோவை மட்டும் எடுக்கலாம், கட்டம் போட்டு ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்கலாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மனிதர்களுக்கு விளக்கி எழுதியே இவள் காலம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மனிதர்கள் போய் ஏஜென்ட்டுகள் வந்துவிட்டன. நாற்காலியில் யாரும் உட்காராமல், தானே கம்ப்யூட்டரை இயக்கும் ஏ.ஐ. ஏஜென்ட்டுகள். திரையில் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிய வேண்டுமானால் படம் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஆக, இந்தக் கருவிதான் அவற்றுக்குக் கண். அந்தக் கண்ணை எப்படித் திறப்பது, எங்கே திருப்புவது என்று அவை படித்துத் தெரிந்துகொள்ள ஒரு புதுக் கையேடு வேண்டும் என்று இவளிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது, "ஏஜென்ட்டுன்னா வீடு பாத்துக் குடுக்கிற ஏஜென்ட்டா?" என்று அக்கா கேட்டாள். "அவங்க உன் கையேட்டைப் படிக்காமலே கமிஷன் கேப்பாங்களே."

மனிதர்களுக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருந்தது. பாதியை நாம் எழுதினால் மீதியை அவர்களே போட்டு நிரப்பிக்கொள்வார்கள். சௌகரியமான இடத்தில் சேமிக்கவும் என்று எழுதினால் ஆளாளுக்கு ஓர் இடத்தில் சேமித்து, பிறகு எங்கே வைத்தோம் என்று தேடி, நம்மைத் திட்டிவிட்டு, எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். ஏஜென்ட் அப்படி இல்லை. எழுதியதை எல்லாம் செய்தது, எழுதாத எதையும் செய்யவில்லை. தெளிவாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம் என்று இவள் எழுதிவைத்ததை நம்பி, ஒரு மங்கலான பக்கத்தை டிஸ்க் நிரம்பும்வரை எடுத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கமே மங்கலாகத்தான் வரையப்பட்டிருந்தது என்பது யாருக்கு அவமானம் என்று இவளுக்குப் புரியவில்லை. தன் வாழ்நாளில் எழுதியதை எல்லாம் ஒரு வரி விடாமல் படித்த முதல் வாசகர் அது. அந்த நினைப்பு சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

விண்டோக்களை மூடிய கதை அலுவலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்து ஓய்ந்த பிறகு மேனேஜர் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் 'பார்ப்போம்' என்று சொல்கிறவர். லீவு கேட்டால் பார்ப்போம், நாற்காலி கால் உடைந்துவிட்டது என்றால் பார்ப்போம். அந்த வார்த்தைக்கு இல்லை என்று அர்த்தம் என்பது சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கையேடு முடிஞ்சதும் ஒரு பரீட்சை வைக்கப் போறோம். நம்ம கண்ணாஸ்பத்திரி செக்ஷன் ஒரு நாள் முழுக்கப் பாக்கிற வேலையை அப்படியே ஏஜென்ட்கிட்ட குடுக்கிறோம். உங்க கையேடு மட்டும்தான் அதுக்குத் துணை. வேற எங்கயும் போய்த் தேடக் கூடாது."

"பாஸாயிட்டா?"

அவர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பாஸாயிட்டா, அப்புறம் அந்த செக்ஷன்..." என்று இழுத்தார். "பார்ப்போம்."

"எங்கக்கா அங்கதான் சார் இருக்காங்க."

"தெரியும்மா. அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளியில வேண்டாம். அக்காகிட்டயும் இப்ப வேண்டாம். பாவம், எதுக்கு இப்பவே கவலைப்படணும்?"

கண்ணாஸ்பத்திரி என்பது வராந்தாவின் கடைசி அறை. மற்ற கம்பெனிகளின் வலைப்பக்கங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது அந்த செக்ஷனின் வேலை. ஒரு பக்கத்தில் ஏதாவது மாற்றம் செய்தால், மாற்றத்துக்கு முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டன் எங்கேயாவது நழுவியிருக்கிறதா, எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா, ஒரு படம் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று ஜன்னல் திரைச்சீலையை எப்போதும் இழுத்தே விட்டிருப்பார்கள். ஒவ்வொரு மேஜையிலும் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து இருக்கும். மத்தியானம் எல்லாரும் வரிசையாகத் தலையை அண்ணாந்து மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. அங்கே நான்கு பெண்களும் ஓர் ஆணும் இருந்தார்கள். வயதில் மூத்தவள் அக்கா.

அக்கா அங்கே வந்து சேர்ந்த கதை வேறு. அவள் வீட்டுக்காரர் வேலை நிமித்தமாக அடிக்கடி வெளியூர் போகிறவர். ஒவ்வொரு தடவையும் அக்கா சட்டைகளைத் தேய்த்து மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பாள். அந்த வெளியூரில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒரு குழந்தையும் இருந்தது. அவருடைய அண்ணனுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும், கீழ் வீட்டுக்காரர்களுக்குக்கூடத் தெரியும். அக்கா ஒருத்திக்குத்தான் தெரியாது. எல்லாம் வெட்டவெளிச்சமான பிறகு ஆளாளுக்கு வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லலை என்று. அக்கா இரண்டு பெட்டிகளோடு இவள் ஃபிளாட்டுக்கு வந்து, உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்தான். மாதக்கணக்கில் அப்படியே இருந்தாள். கூப்பிட்டால் சாப்பிடுவாள், சொன்னால் குளிப்பாள். அழுதாலாவது தேவலை என்று இவளுக்கு இருந்தது. வேதனையைவிட, அத்தனை பேருக்கும் நடுவில் ஏமாளியாக நின்றதுதான் அவளை அரித்தது என்பதை இவள் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டாள்.

இவள்தான் மேனேஜர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து அக்காவை அந்த அறையில் உட்கார வைத்தாள். முதல் வாரம் அக்கா கண் சிவந்துபோய் வந்து, பேசாமல் படுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, தானாகவே, "இன்னைக்கு ஒண்ணு பிடிச்சேன் பாரு" என்றாள். ஏதோ ஒரு கடையின் வலைப்பக்கத்தில் விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு புள்ளி காணாமல் போயிருந்ததாம், யார் கண்ணிலும் படவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பழைய அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலை வாரிக்கொண்டாள். புதுச் செருப்பு வாங்கினாள். பக்கத்து மேஜைக்காரி தூங்கி வழிவதை நடித்துக்காட்டி இவளைச் சிரிக்க வைத்தாள். இனி ஒரு தப்பு தன் கண்ணுக்குத் தப்பிப் போகாது என்று அவள் தனக்குத் தானே நிரூபித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை போனால் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். இவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் அதுதான்.

கையேட்டின் கடைசிப் பகுதியை எழுதும்போது இவள் ஒன்றைக் கவனித்தாள். ஏஜென்ட் ஒரு பட்டனை அழுத்துகிறது, அழுத்திய கையோடு படம் எடுத்துவிடுகிறது. பக்கம் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பது அதற்குத் தெரியவில்லை. படத்தில் பழைய பக்கம்தான் இருக்கிறது, இல்லையென்றால் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மாற்றம் எதுவும் இல்லை, எல்லாம் சரி என்று எழுதிவைக்கிறது. இதற்குக் கருவியிலேயே ஒரு வழி இருந்தது. திரையில் அசைவு நிற்கும்வரை காத்திருந்து எடு என்று சொல்லிவிட்டால் போதும். மனிதர்களுக்கான பழைய கையேட்டில் அது எங்கோ ஒரு மூலையில், பொடி எழுத்தில் இருந்தது. மனிதர்கள் தாங்களாகவே பொறுத்துப் பார்த்து எடுப்பார்கள் என்பதால் அதை யாரும் சீண்டியதில்லை. எஞ்சினியரிடம் கேட்டாள். "அது ஏஜென்ட்டுக்கும் வேலை செய்யுமா?"

"செய்யும்."

"அப்ப எழுதிடவா?"

"எழுதிடுங்க."

எழுதினாள். ஒரே ஒரு வரி. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரி இருந்தால் ஏஜென்ட் பரீட்சையில் பாஸாகிவிடும் என்பதில் இவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதன் பார்வையில் குறையே கிடையாது, அவசரம் ஒன்றுதான் குறை. வராந்தாவின் கடைசி அறையில் அக்கா இந்நேரம் அண்ணாந்து கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். வரியை அழித்தாள். பொய் ஒன்றும் எழுதவில்லையே, ஒரு வரி எழுதவில்லை, அவ்வளவுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். எழுதாததற்காக யாரையாவது பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்களா? எஞ்சினியர் கையேடுகளைப் படிக்கிற ஆள் கிடையாது, மேனேஜருக்குக் கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவளையும் அந்த வெற்றிடத்தையும் தவிர வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

பரீட்சையில் ஏஜென்ட் மண்ணைக் கவ்வியது. முக்கால்வாசிப் பக்கங்களில் தப்பு இருக்க, எல்லாம் சரி என்று அது நல்ல பிள்ளையாக எழுதிக்கொடுத்திருந்தது. மேனேஜர் உதட்டைப் பிதுக்கி, "பார்ப்போம்" என்றார். இவள் வீட்டுக்கு வரும் வழியில் பழங்கள் வாங்கினாள். அக்கா அன்றைக்குப் பிடித்த தப்பைச் சொல்லச் சொல்ல வாய்விட்டுச் சிரித்தாள். "என்னடி, வேலைக்கு ஆகாததுக்கெல்லாம் இப்படிச் சிரிக்கிறே?" என்று அக்காவே கேட்டாள். படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. தனக்குக் கைவந்த வேலையைத் தானே கெடுத்த வருத்தம் தூங்கவிடவில்லை. எல்லாவற்றையும் நம்பிப் படித்த அந்த வாசகரின் முகத்தில் கரியைப் பூசியது போலவும் இருந்தது, அதற்கு முகம் இல்லை என்று தெரிந்தும்.

மேனேஜர் பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்ற கணக்கு அந்த ஒரு தடவை தப்பிப்போனது. அவர் நிஜமாகவே பார்த்தார். ஏஜென்ட் எங்கே சறுக்கியது என்று தெரிய வேண்டுமானால் அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒருவர் கையேட்டையும் படங்களையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கண்ணாஸ்பத்திரியில் யார் கண் கூர்மை என்று விசாரித்தார். எல்லாரும் ஒரே ஆளைத்தான் காட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், சமையலறையில் அக்கா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். இவள் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேனேஜரே நேரில் வந்து கேட்டாராம், தனியாக ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்களாம்.

"அது ஏன் தோத்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள் அக்கா.

இவள் கையிலிருந்த கத்தி நின்றது. "ஏன்?"

"பார்வை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்களைவிட நல்லாவே பாக்குது. பொறுமைதான் இல்ல. பட்டனை அழுத்தினதும் படம் எடுத்துடுது. பக்கம் இன்னும் வந்தே சேரல, அதுக்குள்ள என்ன அவசரம்? நாங்க எல்லாம் சேர்ந்த அன்னைக்கே கத்துக்கிறது அது. வந்து நிக்கட்டும், அப்புறம் எடுன்னு." முட்டையைத் திருப்பிப் போட்டாள். "அதுக்குக் கருவியிலயே ஒரு வழி இருக்கு இல்ல? பழைய கையேட்டுல ஒரு மூலையில நீதானே போட்டிருந்தே. புதுசுல தேடித் தேடிப் பாக்கிறேன், காணோம்."

"விட்டுப்போச்சு போல."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "நீயா? வீட்டுச் சாவியை மறப்பே. குடையை மறப்பே. இதை நீ மறக்க மாட்டியே."

"அக்கா, அதை அவர்கிட்ட சொல்லாதே."

"ஏன்?"

இவள் ரொட்டித் துணுக்குகளைக் கையால் ஒதுக்கிச் சேர்த்தாள். சொல்லாமல் இருக்க இன்னும் ஒரு வழி இருக்கிறதா என்று மனம் ஓடி ஓடித் தேடியது. பிறகு சொன்னாள். பரீட்சை எதற்கு, பாஸானால் என்ன ஆகும், கதவைச் சாத்திவிட்டு மேனேஜர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா அடுப்பை அணைத்தாள். வாணலியில் சுர்ரென்ற சத்தம் அடங்கியது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா தினமும் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கே."

"நீ தாங்க மாட்டேன்னுதான்கா..."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று இவளுக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா கத்தவில்லை. அவள் முகம்தான் சட்டென்று வயதாகிவிட்டது.

"அதை நீயும் சொல்லிட்டே."

"உனக்காகத்தான்கா எழுதாம விட்டேன்."

"யாரு கேட்டா?" அக்கா குரலை உயர்த்தாமலே கேட்டாள். "நான் இவ்வளவு நாளா பாத்த வேலை, நீ ஒரு வரியை ஒளிச்சு வச்சாத்தான் நிக்கும்னா, அது என்ன வேலை? தப்பைப் பிடிக்கத்தான் என்னை அங்க உக்கார வச்சிருக்காங்க. கண்ணு முன்னாடி ஒரு தப்பு இருக்கு. எனக்குச் சௌகரியம்னு வாயை மூடிக்கிட்டா, அப்புறம் நான் அங்க எதுக்கு?"

"வேலையே போயிடும்கா. உன் கூட இருக்கிறவங்களுக்கும்."

"போனாப் போகட்டும். தெரிஞ்சு போகட்டும்."

அக்கா சாப்பிடாமல் உள்ளறைக்குப் போனாள். இவள் தட்டில் எடுத்து வைத்ததை மூடிவைத்துவிட்டு, கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டில் முனகும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நல்லது செய்யப் போய், ஊரெல்லாம் சேர்ந்து செய்ததையே தானும் செய்துவிட்டோம் என்பது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மறுநாள் அக்கா இவளுக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டாள். பத்து மணிக்குள் கண்ணாஸ்பத்திரி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. அக்காதான் சொல்லியிருந்தாள். நடக்கப்போவது இதுதான், கையேட்டில் இருக்கும் ஓட்டை இதுதான், அதை நான் சொல்லப்போகிறேன், உங்களில் யாருக்கும் கடைசியில் தெரியவரக் கூடாது என்பதால் முதலில் உங்களிடம் சொல்கிறேன் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரே ஆண், தனக்கு வேறு இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் வெளியே விட்டாராம். இரண்டு பேர் அழுதார்களாம். பக்கத்து மேஜைக்காரி மட்டும், "உங்களுக்குத் தங்கச்சி சோறு போடுவா. எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அதோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் இவளிடம் சொன்னது எஞ்சினியர். அவர் ஆயுளிலேயே அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "உங்களை நம்பித்தானே சொன்னேன்" என்றார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேஜைமேல் இருந்த அக்காவின் குறிப்பை இவள் பக்கம் தள்ளினார். "ஆனா உங்கக்காவுக்கு என்ன கண்ணு! ஒரே பார்வையில பிடிச்சிருக்காங்க. அவங்களை வேற எங்கயாவது..." என்று ஆரம்பித்தவர், இவள் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "பார்ப்போம்."

இவள் தன் இடத்துக்கு வந்து, அழித்த இடத்தில் அந்த வரியைத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு முறையும் திரையில் அசைவு நிற்கும்வரை காத்திருந்து, நின்ற பிறகு எடுக்கவும். முன்னால் எழுதியதைவிட இன்னும் திருத்தமாகவே வந்தது. வேண்டுமென்று கெடுக்காமல் எழுதும்போது கைக்கு அது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கியது. பக்கத்தில் யாரும் இல்லாததால் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

இரண்டாவது பரீட்சையைக் கண்ணாஸ்பத்திரியிலேயே வைக்க வேண்டும், நாங்களும் பார்க்க வேண்டும் என்று அந்த செக்ஷன் கேட்டது. மேனேஜரால் மறுக்க முடியவில்லை. திரைச்சீலை இழுத்துவிட்ட அந்த அறையில், பெரிய திரை ஒன்றின் முன்னால் காலி நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதில் யாரும் உட்காரப் போவதில்லை என்றாலும் அதை அப்புறப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் அதற்குப் பின்னால் நின்றார்கள். பக்கத்து மேஜைக்காரி மட்டும் தன் இடத்தை விட்டு எழவில்லை, முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தன் மேஜையில், வலது கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருந்தாள். கையேடு எழுதியவள் என்ற உரிமையில் இவள் கதவோரமாக நின்றுகொண்டாள். நாலு நாளாக அக்கா இவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பிட்டாள், தலை வாரினாள், வேலைக்கு வந்தாள். அறைக் கதவை மட்டும் சாத்திக்கொண்டாள்.

எஞ்சினியர் குனிந்து கீபோர்டில் ஒரு கீயைத் தட்டிவிட்டு விலகி நின்றார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து போய் ஒரு பட்டனை அழுத்தியது. பக்கம் வெளுத்தது. மேலே இருந்து ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன, தலைப்பு, படங்கள், விலைகள், கடைசியாகக் கீழ் ஓரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன வட்டம். அம்புக்குறி அசையாமல் நின்றது. அறையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் இவள் அக்காவின் கையைப் பார்த்தாள். அவள் கைக்கடியில் மவுஸ் இல்லை, வெறும் மேஜைப் பலகைதான். ஆனால் அக்காவின் ஆள்காட்டி விரல் பலகைக்குச் சற்று மேலே தூக்கியபடி நின்றது. அவள் கண் அந்த வட்டத்தை விட்டு அகலவில்லை. உதடு லேசாக அசைந்தது. "பொறு" என்று சொல்வது தூரத்திலிருந்தே தெரிந்தது. "பொறு... இன்னும் வரல... பொறு..." குழந்தையை முதல் தடவை தெருவைக் கடக்கவிடும் தாய் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். வட்டம் நின்று மறைந்தது. அக்காவின் விரல் பலகையில் இறங்கியது, அதே கணத்தில் திரை ஒரு தரம் மினுக்கிப் படம் எடுத்தது. அந்தப் படத்தில் விலை ஒன்று கோட்டுக்கு வெளியே தள்ளி நிற்பதை ஏஜென்ட் குறித்துக்காட்டியது. அக்காவும் அதை அதற்குள் பார்த்திருந்தாள். தன்னையறியாமல் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை இவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இரண்டாவது பக்கம் வந்தது. விரல் தூக்கி நின்றது, இறங்கியது, படமும் விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு எஞ்சினியரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்த பக்கம் சட்டென்று வந்து சேர்ந்தது. அக்கா அதன் ஓரங்களை ஒரு முறை கண்ணால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது வரவேண்டியது இருக்கிறதா என்று. விரல் இறங்குவதற்குள் திரை மினுக்கிவிட்டது. அதற்கடுத்ததிலும் அவள் விரல் பாதி தூரம்தான் வந்திருந்தது. பிறகு பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நின்று, மினுக்கிப் போய்க்கொண்டே இருந்தன. அந்த இருட்டு அறையில் எல்லார் முகத்திலும் வெளிச்சம் விழுந்து விழுந்து அணைந்தது. பலகைக்கு ஒரு விரற்கடை மேலே, எங்கே இறங்குவது என்று தெரியாமல், அக்காவின் விரல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.